கூஸ்கோவுக்குக் கடற்கரை இல்லை

“ஐயையோ... என் பாரசீகம் போச்சு!”

பதிப்பகத்தின் வாசற்படியில் குடையை உதறிக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பின்னால் ஒருவன் நெஞ்சோடு அணைத்து வந்த பெரிய தாளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். குடையிலிருந்து தெறித்த தண்ணீரெல்லாம் அதன் மேல்தான்.

“சாரிங்க... பாக்கல,” என்று கைக்குட்டையை எடுத்தாள்.

“தேய்க்காதீங்க! மெதுவா ஒத்தி எடுங்க.”

சுவரில் தாளைச் சாய்த்து இருவரும் ஒத்தி எடுத்தார்கள். வெளியே மழை ஓவென்று கொட்டிக்கொண்டிருந்தது. கை ஒத்தியபடி இருக்க, அவள் கண்கள் மட்டும் படிக்க ஆரம்பித்துவிட்டன. சரித்திர டீச்சர் ஆயிற்றே... பழக்கம் விடுமா?

“தலைநகர் இஸ்பஹான்... இது எந்த வருஷத்து மேப்?”

“ஆயிரத்து அறுநூத்து இருபது.”

“அப்ப சரி. பாக்தாத் ஒட்டோமான் பக்கம் இருக்கு... அதுவும் சரி. மூணு வருஷம் கழிச்சுத்தானே பாரசீகத்துக்குப் போகுது.”

அவன் ஒத்துவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். சிரிப்பை உள்ளேயே வைத்திருக்கும் கண்கள். ஒரு துளி மழைநீர் இமை நுனியில் நின்றுகொண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்தது.

“பரீட்சை வைக்க வந்தீங்களா?”

“இல்ல, திட்ட வந்தேன்.” அவள் நிமிர்ந்தாள். “உலக சரித்திரப் புத்தகம், நூத்துப் பன்னிரண்டாம் பக்கம். இன்கா பேரரசோட தலைநகர் கூஸ்கோ... மலைமேல இருக்கிற ஊரு! அதைக் கொண்டுபோய்க் கடற்கரைல வெச்சிருக்காரு ஒரு புண்ணியவான். வகுப்பே சிரிக்குது. அது எங்க அப்பா எழுதின புத்தகம் சார். பதினோரு வருஷ உழைப்பு. ஒரே ஒரு புள்ளியில மானத்தை வாங்கிட்டாங்க.”

அவன் முகம் மாறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தான்... மூடிக்கொண்டான். தாளை நிதானமாகச் சுருட்டினான்.

“அந்தப் புண்ணியவான் நான்தான். தப்புதாங்க. ரெண்டாம் பதிப்புல திருத்திடறேன்.”

சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்தவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இப்படி உடனே ஒப்புக்கொண்டால் ஒருத்தி என்னதான் செய்வது?

“நானே வந்து ஒவ்வொரு மேப்பையும் பாப்பேன்,” என்றாள் விடாமல்.

“சனிக்கிழமை நாலு மணிக்கு வாங்க, டீச்சர். குடையை மட்டும் வெளில வெச்சிடுங்க.”

நான்கு சனிக்கிழமைகள் போயின. மாடியில் சாய்வு மேசை, மசி மணம், அவன் விரல்களில் கழுவியும் போகாத கறுப்பு. அவள் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து சீனாவின் மிங் பேரரசின் எல்லையில் குற்றம் கண்டுபிடிப்பாள். அவன் பொறுமையாகத் திருத்துவான். சில சமயம் திருத்த மறுத்து, தடித்த புத்தகத்தைத் திறந்து காட்டுவான். அப்படி அவள் தோற்ற நாள்களில் ஏனோ வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரிப்பு வந்தது.

“மாலி பேரரசுக்கு என்ன கலர் குடுக்கலாம் டீச்சர்?”

“தங்கம் விளைஞ்ச மண்ணு. மஞ்சள்தான்.”

“எல்லாரும் அதான் சொல்லுவாங்க. நான் நீலம் குடுக்கப் போறேன்.”

“ஏன்?”

“நீங்க போட்டிருக்கிற நீலம் நல்லா இருக்கு... அதான்.”

அவன் தூரிகையைத் தண்ணீரில் அலசினான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காது மடல் சுட்டது.

ஐந்தாவது சனிக்கிழமை மேசை காலியாக இருந்தது. தூரிகைகளைக்கூடக் காணோம்.

“உங்க அப்பா லெட்டர் போட்டிருக்காரும்மா,” என்றார் பிழை திருத்தும் அக்கா. “புள்ளி வைக்கத் தெரியாத ஆள் கை பட்டா ரெண்டாம் பதிப்பே வேணாம்னு. முதலாளி பயந்துபோய் அவரை வேலைய விட்டே நிறுத்திட்டாரு.” அக்கா கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் காகிதக் கோப்பு ஒன்றை நீட்டினார். “சொல்லக் கூடாதுன்னு போகும்போது அவர் சத்தியம் வாங்கினாரு. ஆனா இதைச் சொல்லலைன்னா எனக்குச் சோறு இறங்காது.”

உள்ளே அப்பா பென்சிலில் போட்ட மூலப் படம். கூஸ்கோ கடற்கரையில். கடலோர நகரமான சான் சான் மலைமேல். இரண்டு பெயர்களும் இடம் மாறியிருந்தன. ஓரத்தில் வரைபடக்காரனின் சின்ன எழுத்து: ‘ஐயா, இவை மாறிவிட்டனவா? தயவுசெய்து பார்க்கவும்.’ அதன் கீழே அப்பாவின் பெரிய எழுத்து: ‘நான் போட்டபடியே இருக்கட்டும்.’

அப்பாவின் மகள் என்று தெரிந்த அந்த நொடியில்தான் அவன் வாயை மூடிக்கொண்டான்... வேலையே போனபோதும் திறக்கவில்லை.

அப்பா நாற்காலியில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தார். அவள் அந்தக் கோப்பைத் திறந்து அவர் மடியில் வைத்தாள்.

“என்னம்மா இது?”

“உங்க கையெழுத்துப்பா.”

வெகு நேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்த வருஷம் கண்ல புரை... எழுத்தெல்லாம் புகையாத்தான் தெரிஞ்சுது. ஆபரேஷனுக்கு முன்னாடி. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. கண்ணு போச்சுன்னா புத்தகத்தை வேற ஆள்கிட்ட குடுத்துடுவாங்களேன்னு...” ஓரத்துச் சின்ன எழுத்தை விரலால் தடவினார். “அந்தப் பையன் கேட்டதுகூட சுத்தமா மறந்துபோச்சும்மா.”

“மறந்தது தப்பில்லப்பா. இப்ப தெரிஞ்சும் பேசாம இருந்தாத்தான் தப்பு.”

மகளைப் பார்த்தார். என்ன கண்டாரோ... எழுந்து சட்டையை மாட்டினார். “அவன் வீடு எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு?”

“அக்காகிட்ட கேட்டு எழுதி வாங்கிட்டேன்.”

“வாங்கிட்டியா!” என்றார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

அவர் தனியாகத்தான் போனார். அவன் வீட்டில் என்ன பேசினார்கள் என்பது இருவருக்கு மட்டுமே தெரியும். அங்கிருந்து முதலாளியிடம் போய், தன் பிழையைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் அவள் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள். சாய்வு மேசையில் இந்தியப் பெருங்கடல் விரிந்திருந்தது. சீனக் கப்பல்கள் ஆப்பிரிக்கா வரை போன பாதையை அவன் கறுப்பு மசியில் இழுத்துக்கொண்டிருந்தான்.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“அப்பாவைப் பத்திப் பேசும்போது உங்க கண்ணு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது டீச்சர். அதைக் கெடுக்க மனசு வரல.” தலையைத் தூக்காமலே சொன்னான்.

“வேலை போனப்புறமும்?”

“வேலை வேற எங்கயாவது கிடைக்கும்...”

“நான்?”

பேனா நின்றது.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். குரல் வகுப்பில் பாடம் எடுப்பது போலத் தெளிவாக வந்தது.

“எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதுங்க. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. சனிக்கிழமை மட்டும் பாத்தா போதாதுன்னு தோணுது. கல்யாணம் பண்ணிக்கலாமா?”

நின்ற பேனா தாள்மேல் சறுக்கியது. குனிந்து பார்த்தாள். இலங்கையைத் தாண்டி மேற்கே நேராகப் போக வேண்டிய கோடு, துள்ளிக் குதித்துத் தெற்கே எங்கோ போயிருந்தது.

“அச்சச்சோ... கோடு கெட்டுப்போச்சே!”

“போகட்டும்.” அவன் பேனாவைக் கீழே வைத்தான். உள்ளேயே வைத்திருந்த சிரிப்பு முகமெங்கும் பரவியது. “பண்ணிக்கலாம் டீச்சர்... இந்தக் கடலை நாளைக்கு மறுபடி வரைஞ்சுக்கறேன். இன்னிக்கு இனிமே ஒரு கோடுகூட நேரா வராது.”