ஜெனிட்டாவின் முழங்கால்

ஜெனிட்டாவின் வலது முழங்காலில் இன்னும் இரண்டாயிரத்து மூன்று தாவல்கள் இருந்தன. அரங்கின் உச்சியில் தொங்கிய பலகையில், ஆட்டத்தின் புள்ளிகளுக்குக் கீழே, அவள் பெயருக்கு நேராக அந்த எண் எரிந்துகொண்டிருந்தது. தூத்துக்குடித் துறைமுகச் சாலை உள்ளரங்கில் அன்றைக்குக் கூடியிருந்த ஆறாயிரம் பேரில் பாதிப்பேர் புள்ளிகளைப் பார்க்கவில்லை. அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பார்க்காமல் எப்படி இருப்பார்கள்? இன்னும் மூன்று முறை தாவினால் அவளுடைய பத்து வருட ஆட்டம் முடிந்துவிடும். அவளுக்கு வயது இருபத்தொன்பது.

மூட்டுமானி வந்த பிறகு கூடைப்பந்தே வேறு விளையாட்டாகிவிட்டது. முழங்காலைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும் ஒரு மெல்லிய பட்டைதான் மூட்டுமானி. ஒருத்தி தாவி இறங்கும்போது எலும்பு எலும்போடு எவ்வளவு அழுந்துகிறது, நடுவில் உள்ள குருத்தெலும்பு எவ்வளவு தேய்கிறது என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டதை, நாடெங்கும் ஆடி முடித்தவர்களுடைய முழங்கால்களோடு ஒப்பிடும். ஒப்பிட்டு, உனக்கு இத்தனை தாவல்தான் என்று ஓர் எண்ணைச் சொல்லும். அந்தத் தாவலெண்ணை வாங்கிக்கொண்டுதான் ஒவ்வொருத்தியும் லீக் ஆட்டத்துக்குள் வருவாள். அதற்குப் பிறகு எண் இறங்கும், ஏறாது.

எண் இறங்கும் என்று தெரிந்தால் யார் வீணாகத் தாவுவார்கள்? தரையில் காலை ஊன்றியபடியே பந்தை எறியப் பழகிவிட்டார்கள். ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்துக்கு இரண்டு அணிகளும் கையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். யாராவது ஒருத்தி உண்மையாகவே மேலே எழும்பினால் அரங்கம் அப்படியே அமைதியாகிவிடும். வெளியேயும் அப்படித்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கயிறு தாண்டுவதில்லை. பாண்டிக் கட்டங்களில் பெண்பிள்ளைகள் நொண்டாமல் நடந்துபோனார்கள். "தாவாதே, பின்னால வேணும்" என்று சொல்லாத தாய் இல்லை.

மூன்றாம் கால்பகுதியில் எதிரணி ஈரோட்டுக்காரி எறிந்த பந்து வளையத்தில் முட்டிச் சுழன்றது. ஜெனிட்டா தாவினாள். அடுத்ததற்கும் தாவினாள். கடைசியாக, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து எழும்பிப் பந்தை எறிந்தாள். பந்து வலையைத் தொடுகிற சத்தமும் ஊதுகுழல் சத்தமும் சேர்ந்தே கேட்டன.

இரண்டாயிரம்.

இரண்டு அணிகளும் ஆட்டத்தை நிறுத்திக் கைதட்டின. பயிற்சியாளர் மெர்லின் களத்துக்குள் வந்து அவள் தோளில் பொன்னாடை போர்த்தினார். "வீட்டுப்பங்கோட இறங்குதெ. நல்லா இரு மக்கா" என்றார். எல்லோரும் சொல்வதுதான். தாவலெண்ணில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும்போது ஆட்டத்தை விட்டுவிடுவது வழக்கம். அந்தப் பத்தில் ஒன்று வீட்டுக்கு. பிள்ளை பெற்றால் அதன் பின்னால் ஓட, மழைக்காலத்தில் ஓடையைத் தாண்ட, வயசான காலத்தில் படியேற. சட்டம் ஒன்றும் கிடையாது. முதன்முதலில் விலகிய வீராங்கனை யாரோ மேடையில் சொன்னதாம். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அதன்பிறகு அந்தக் கோட்டைத் தாண்டி யாரும் ஆடியதில்லை.

ஜெனிட்டா பொன்னாடையோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். முழங்காலைத் தடவிப் பார்த்தாள். வலி இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. வலித்திருந்தால் அழுதுவிட்டு எழுந்து போயிருப்பாள்.

பட்டையைத் திருப்பிக் கொடுக்க அடுத்த திங்கட்கிழமை அளவை அறைக்குப் போனாள். மூட்டுமானிகளைப் பராமரிக்கும் பேச்சிமுத்து, மேசையில் ஒரு புதுப்பெண்ணின் காலை நீட்ட வைத்துப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், பெயர் தன்ஷிகா, பதினெட்டு வயது. பக்கத்தில் மெர்லின் நின்றார்.

"ஒம்பதாயிரத்து நூறு" என்றார் பேச்சிமுத்து.

ஜெனிட்டா அந்தப் பெண்ணின் கால்களைப் பார்த்தாள். தேர்வு நாளில் இந்தப் பெண் நின்ற இடத்திலிருந்து எழும்பி ரிங்கைப் பிடித்துத் தொங்கியதை அவளே பார்த்திருக்கிறாள்.

"இவளுக்கா ஒம்பதாயிரம்? எனக்கு இருபதாயிரம் குடுத்தீங்களே. என் காலு இதுல பாதி இருக்குமா?"

"நான் எங்க குடுத்தேன்க்கா. மெஷினு குடுத்துச்சு."

"மெர்லினக்கா, உங்களுக்கு எத்தனை?"

"இருபத்தேழாயிரம்" என்றார் மெர்லின். "எனக்கு முந்தி ஆடுனவங்களுக்கெல்லாம் முப்பது. அந்தக் காலத்து உடம்பு அப்படி."

"இருபத்தஞ்சு வருசத்துலயா உடம்பு தேஞ்சுபோச்சு?"

பேச்சிமுத்து பட்டையின் ஓரத்தை அழுத்திவிட்டு நிமிர்ந்தார். "யக்கா, வருசா வருசம் இது புதுசாப் படிக்கும். ஆடி முடிச்சவங்க எத்தனாவது தாவலோட நின்னாங்கன்னு பாக்கும். முட்டு அதோட முடிஞ்சுதுன்னு எழுதிக்கும். அதை வச்சுத்தான் புதுசா வாரவங்களுக்கு எண் போடும்."

"நாங்க முட்டு முடிஞ்சா நிக்கோம்? பத்துல ஒண்ணு வச்சுட்டுல்லா நிக்கோம்."

"அது மெஷினுக்கு எப்படித் தெரியும்? தாவல் நின்னுபோச்சு. அவ்வளவுதான் அதுக்கு."

"முட்டு போனவங்க யாரும் அதுல இல்லையா?"

"ஆரம்பத்துல இருந்தாங்க. இப்பதான் யாரும் அதுவரைக்கும் ஆடுறதில்லையே. புதுசு சேரச் சேர பழசு கழிஞ்சிரும்."

தன்ஷிகா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். ஜெனிட்டா மனதுக்குள் கணக்குப் போட்டாள். முப்பதுக்காரர்கள் பத்தில் ஒன்றை வைத்துவிட்டு நின்றார்கள், அடுத்து வந்தவர்களுக்கு இருபத்தேழு. அவர்களும் பத்தில் ஒன்றை வைத்தார்கள், அடுத்தவர்களுக்கு இருபத்து நான்கு. அப்படியே தேய்ந்து தேய்ந்து இந்தப் பெண்ணிடம் ஒன்பதில் வந்து நிற்கிறது.

மெர்லின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அப்பம் நான் நின்னதுனாலதான் உனக்குக் குறைஞ்சுதா?" என்றார் மெதுவாக.

"உங்க வீட்டுப்பங்கு எத்தனைக்கா?"

"ரெண்டாயிரத்து எழுநூறு."

"அதுல எத்தனை தாவியிருக்கீங்க?"

மெர்லின் யோசித்தார். "போன வருசம் குளியலறைக்குள்ள கரப்பான்பூச்சி வந்துச்சு. அன்னைக்கு ஒண்ணு."

முதலில் சிரித்தது தன்ஷிகாதான். பிறகு மெர்லினும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பட்டையைக் கழத்த வேண்டாம் பேச்சி" என்றாள் ஜெனிட்டா. "நான் ஆடுதேன்."

"ஏட்டி, காலு போயிட்டுன்னா?" மெர்லினின் குரல் மாறிவிட்டது. "நாளைக்கு நடக்க முடியாமக் கிடந்தா யாரு பாப்பா?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா என் காலு எப்ப முடியுதுன்னு எனக்குத் தெரியணும்லா. நான் சொல்லணும், போதும்னு. இந்தப் பட்டை சொல்லக்கூடாது."

அவள் மறுபடி களத்தில் இறங்கிய அன்று யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் இருந்த பெண்கள் தங்கள் பிள்ளைகளின் முகத்தைத் திருப்பிவிட்டார்கள். ஒரு பெரியவர் எழுந்து நின்று, "வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டியதை ரோட்டுல போடுதா பாரு" என்று உரக்கச் சொல்லிவிட்டு வெளியே போனார். எண் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று காட்டியபோது பலகையில் அவள் பெயர் சிவப்பாக மாறியது. அப்படி ஒரு நிறம் பலகையில் இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது.

இரண்டு பருவம் ஆனது அந்த இரண்டாயிரமும் தீர. ஒவ்வொரு முறை தரையில் இறங்கும்போதும் எங்கே முறியப் போகிறதோ என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் இறங்கினாள். எண் ஒன்றுக்கு வந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. பந்து ரிங்கில் பட்டது. அவள் மேலே போனாள், கீழே வந்தாள். பலகையில் பூஜ்யம். அவள் இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தாள்.

நல்லவேளை, ஆட்டம் நிற்கவில்லை. அடுத்த பந்துக்கும் தாவினாள்.

மூட்டுமானி ஒரு வாரம் பூஜ்யத்தையே காட்டிக்கொண்டிருந்தது. முடிந்துபோன முழங்கால் எப்படித் தாவும் என்று அதற்குப் புரியவில்லை போலும். பிறகு அந்த ஆண்டுக்கான படிப்பு வந்தபோது, தான் அறிந்த அத்தனை முழங்கால்களையும் ஜெனிட்டாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எல்லா எண்களையும் தூக்கிப் போட்டது. தன்ஷிகாவின் ஒன்பதாயிரம் ஒரே காலையில் இருபத்து மூன்றாயிரம் ஆனது. அந்த வருடம் தூத்துக்குடித் தெருக்களில் பெண்பிள்ளைகள் மறுபடி கயிறு தாண்டினார்கள். கூடைப்பந்தாட்டத்தில் மறுபடி ஆட்கள் எழும்பினார்கள். மெர்லின் ஒரு நாள் பயிற்சி முடிந்ததும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ரிங்குக்குக் கீழே நின்று நான்கு முறை தாவிப் பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஜெனிட்டா தொடர்ந்து ஆடினாள். முப்பத்து மூன்று, முப்பத்தைந்து, முப்பத்தேழு. முழங்காலில் குளிர்காலத்தில் சின்னக் குடைச்சல், அவ்வளவுதான்.

முப்பத்தெட்டாவது வயதில் ஒரு நாள் காலை, காலணி நாடாவைக் கட்டும்போது அவளுக்குத் தோன்றியது, போதும். உடம்பில் எங்கும் வலியில்லை. யாரோடும் சண்டையில்லை. வயிறு நிறைந்தவள் இலையை மடிப்பதைப் போல, போதும் என்று இருந்தது. அந்த எண்ணமே அவளுக்கு இனித்தது. இதற்காகத்தானே அன்றைக்கு அந்தச் சண்டை போட்டாள்? பாதி கட்டிய நாடாவோடு அளவை அறைக்குப் போனாள்.

"பேச்சி, நான் நிறுத்திக்கிடுதேன். பட்டையைக் கழத்து."

பேச்சிமுத்துவுக்கு இப்போது தலை நரைத்திருந்தது. அவர் உடனே எழவில்லை. "முட்டு வலிக்குதாக்கா?"

"வலியெல்லாம் இல்ல. அலுத்துப்போச்சு. அவ்வளவுதான்."

"யக்கா, நீங்க இன்னும் ஆடிக்கிட்டு இருக்கிறதுனாலதான் மெஷினு உங்க பக்கத்தை மூடாம வச்சிருக்கு. முட்டுக்கு எல்லை எங்கேன்னு இன்னும் தெரியலன்னு அது நெனைக்கு. அதுனாலதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் தாராளமாப் போடுது. நீங்க நின்னா, ஜெனிட்டா முட்டு இன்னையோட முடிஞ்சுதுன்னு எழுதிரும். அப்புறம் பழையபடி வருசத்துக்கு வருசம் தேய ஆரம்பிச்சிரும்."

"ஏன் தேயணும்? இப்பதான் எல்லாருக்கும் விசயம் தெரியுமே. மத்தவங்க முழுசா ஆடுதாங்கல்லா?"

பேச்சிமுத்து மேசையிலிருந்த கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒன்பது வருடத்தில் விலகியவர்களுடைய பெயர்கள். ஒவ்வொருத்தியும் பத்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்துவிட்டு இறங்கியிருந்தாள்.

ஜெனிட்டா அந்தத் திரையை வெகுநேரம் பார்த்தாள். "சரி, காரணம் எழுத இடம் இருக்கும்லா? முட்டு நல்லாத்தான் இருக்கு, இவளுக்கு அலுத்துப்போச்சுன்னு எழுது."

"அதுக்குக் கட்டம் இல்லைக்கா."

விஷயம் அவளுக்கு முன்னால் களத்துக்குப் போய்விட்டது. அவள் வெளியே வந்தபோது பயிற்சி நின்றுபோயிருந்தது. தன்ஷிகாதான் இப்போது அணித்தலைவி. அவள் முன்னால் வந்தாள்.

"யக்கா, நெசமாவா?"

"ஆமாட்டி. உனக்கு எத்தனை மிச்சம்?"

"நாலாயிரம் சொச்சம். இன்னும் ரெண்டாயிரம் போனா வீட்டுப்பங்கு வந்துரும்."

"வந்தா என்ன, தாண்டி ஆடு. என் காலைப் பாத்தேல்லா? ஒண்ணும் ஆகல. நீங்க ரெண்டு பேரு மூணு பேரு தாண்டுனாப் போதும், மெஷினு தானா ஏறிக்கும். நான் வீட்டுக்குப் போயிருவேன்."

தன்ஷிகா தன் முழங்காலைப் பார்த்தாள். மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். யாருக்கும் கெட்ட மனசு இல்லை. ஜெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையான அன்போடுதான் தன்ஷிகா சொன்னாள்.

"எங்களுக்கு எதுக்குக்கா அந்த வேலை? அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

ஜெனிட்டாவுக்குக் கோபம் வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து நாடாவின் மறுபாதியைக் கட்டினாள். இறுக்கிக் கட்டினாள். எழுந்து போய் தன் இடத்தில் நின்றாள்.

விசில் ஒலித்தது. யாரோ எறிந்த பந்து ரிங்கில் பட்டு, மேலே எழும்பி, மெதுவாகத் திரும்பி வந்தது. ஒன்பது பெண்கள் தரையில் காலை ஊன்றி நின்றபடி பந்தைப் பார்க்காமல் அவளுடைய முழங்காலைப் பார்த்தார்கள்.

ஜெனிட்டா தாவினாள்.