அடுத்த அறையின் பதில்

அன்றைக்குப் பக்கத்து அறையிலிருந்து தங்கை உடனே பதில் தட்டினாள். அதுவே வழக்கமில்லை.

அந்த மாதம் பல்கலைக்கழக விடுதிகளில் இரண்டு மாணவிகளை அவரவர் அறையிலேயே வைத்து ஒருவன் கொன்றிருந்தான். ஆள் இன்னும் பிடிபடவில்லை. அதற்குப் பிறகுதான் மாணவிகளே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இருட்டியதும் சுவரில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். பக்கத்து அறைக்காரி இரண்டு தட்டுத் திருப்பித் தட்டினால் பத்திரமாக இருக்கிறாள் என்று அர்த்தம். வார்டன் செய்த ஒரே காரியம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டியதுதான். பூட்டை மாற்றுங்கள் என்று கேட்டுக் கேட்டு அக்காவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். தங்கையோ அதற்கும் மேல். அறைச் சாவியைக் கதவு நிலையின் மேல் வைத்துவிட்டுப் போவாள். கேட்டால், விடுதியில் எல்லாரும் அங்கேதான் வைக்கிறார்கள் என்பாள். அம்மா ஃபோனில் திட்டுவது மட்டும் அக்காவை: "அவ சின்னப் பொண்ணு, நீதானே பாத்துக்கணும்."

மதியம்கூட அந்தச் சாவிக்காகத்தான் சண்டை. தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது தட்டுகிறாளே, கோபம் தணிந்திருக்கும் என்று நினைத்து, ஈரச் சுண்ணாம்பு வாடையடிக்கும் சுவரில் காதை வைத்து, வெளியே மழைத் தண்ணீர் குழாயில் இறங்கும் சத்தத்துக்கு நடுவே, சாப்பிட்டாயா என்று அக்கா கேட்டாள்.

இரண்டு தட்டு.

இன்னும் கோபமா என்று கேட்டாள். அதற்கும் இரண்டு தட்டு. வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்றாள். இரண்டு தட்டு, நிதானமாக. விரலால் தட்டுகிற மாதிரி இல்லை. ஏதோ கனமான இரும்பால் தட்டுகிற மாதிரி இருந்தது.

எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. உன்னைக் காவல் காக்கத்தான் நான் படிக்க வந்தேனா, என் தலையெழுத்தா என்று சுவரைப் பார்த்தே பொரிந்து தள்ளினாள். பதிலுக்குத் தட்டல் இல்லை. சுவரில் எதையோ உரசிக்கொண்டே வருகிற சத்தம். அவள் கட்டிலின் மறுகோடிக்கு நகர்ந்து முணுமுணுத்தாள். உரசலும் கூடவே வந்தது. அவள் தலைக்கு நேராக நின்றது.

ஃபோன் அடித்தது. தங்கை.

"அக்கா, லைப்ரரிலேர்ந்து இப்பத்தான் வர்றேன். மேல வச்ச சாவியக் காணோம். கதவு சும்மா சாத்தித்தான் இருக்கு. நீயா திறந்த?"

அக்கா சுவரைப் பார்த்தபடியே கட்டிலிலிருந்து இறங்கினாள்.

"பேச மாட்டியா? சரி, போ."

வைத்துவிட்டாள்.

தாழ்ப்பாள். கை வழுக்கியது. மறுபடி இழுத்தாள். திறந்தது. தங்கையின் பெயரைச் சொல்லி அலறியபடி வெளியே பாய்ந்தாள்.

தங்கை தன் அறை வாசற்படியில் நின்றிருந்தாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. ஒரு கையில் ஃபோன், மறுகையில் புத்தகப் பை. அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் மதியக் கோபம் அப்படியே இருந்தது.

"ஏன்க்கா கத்துற? மானம் போகுது."

அவளுக்குப் பின்னால், இருட்டறைக்குள், யாரோ சுவிட்சைப் போட்டார்கள். விளக்கு எரிந்தது.