ஞாயிற்றுக்கிழமைக் கை

புரொபசர் சோஃபாவில் மல்லாந்து கிடந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டுக் குட்டித் தூக்கம் போட்டவர்... இனி எழுந்திருக்க மாட்டார்!

இரண்டு ஆள்காட்டி விரல்களிலும் கம்பி. விரல் நுனிகள் கருகியிருந்தன. ஷாக் மெஷினின் திருகு கடைசி வரை திருப்பப்பட்டிருந்தது.

அந்த மனோதத்துவ லேபுக்கு இரண்டே சாவி. ஒன்று பிணத்தின் பாக்கெட்டில். இன்னொன்று உதவியாளனிடம்.

போதாதா? இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டிவிட்டார். பாவம், உதவியாளனுக்குப் போன மாதம்தான் கல்யாணம்.

புரொபசரின் மனைவி ஓரமாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இந்த லேப் வாசப்படியை மிதித்ததே இல்லை, இன்றுதான் முதல் தடவை என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கான்ஸ்டபிள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, பக்கத்திலேயே நின்றார்.

தூக்கில் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைக் கேளுங்கள் என்று உதவியாளன் கெஞ்சினான்.

“ஞாயித்துக்கிழமைல ஒருத்தரை வச்சு சோதனை நடக்கும் சார். திரைக்கு அந்தப் பக்கம் அவங்க. இந்தப் பக்கம் மெஷின் முன்னாடி நான். முகத்தைப் பார்க்கக்கூடாதுங்கிறது புரொபசர் போட்ட சட்டம். அவங்க கையை இழுத்தா இந்த மீட்டர் முள்ளு துள்ளும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

“என்னடா சோதனை?”

“மணி அடிக்கும். உடனே விரல்ல ஷாக். மணி, ஷாக்... மணி, ஷாக். இப்படியே பழக்கினா அப்புறம் ஷாக்கே வேண்டாம் சார். வெறும் மணிக்கே கை தானா பின்னால போயிடும். மனசு தடுத்தாலும் நிக்காது. அந்த ஆளைத் தேடுங்க.”

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கடித்தபடி சிரித்தார். பால்குடிப் பருவத்தைத் தாண்டாதவர்கள்தான் பெரியவர்களான பிறகும் இப்படிக் கடிப்பார்கள் என்பது புரொபசரின் கட்சி. நல்லவேளை, செத்துவிட்டார்.

“நல்லா காது குத்துறே. எந்த மணி? இதுவா?”

மேஜை மணியின் தலையில் ஒரு தட்டு.

டிங்!

டம்ளர் பறந்தது. தண்ணீர் கான்ஸ்டபிள் முகத்தில்!

புரொபசர் மனைவியின் வலது கை மார்போடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

இன்ஸ்பெக்டர் மறுபடியும் தட்டினார், பாவி மனுஷன். கை மறுபடியும் துள்ளியது.

“போதும் சார்,” என்றாள். அழுகை நின்றிருந்தது.

கல்யாணமான புதிதில், ஆராய்ச்சிக்கு உதவி என்று அவளைக் கூட்டி வந்தாராம். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் திரைக்கு அந்தப் பக்கம் அவள்தான். பிறகு வீட்டிலும் ஒரு மணி வைத்தார். எதிர்த்துப் பேசினால் மணி. உடம்பில் ஒரு காயம் இருக்காது. யாரிடம் போய்ச் சொல்வது?

“நேத்து என் பொண்ணு விரல்ல கம்பியைச் சுத்தினாரு சார்.”

அவ்வளவுதான். இன்று சாப்பாடு கொண்டு வந்தாள். அவரே கதவைத் திறந்தார். அவர் குறட்டை விடும்வரை காத்திருந்தாள். போகும்போது இழுத்துச் சாத்தினாள், கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

“உங்களுக்குச் செஞ்சதையே அவருக்கும் செஞ்சுட்டீங்க.”

“இல்ல சார். அவருக்கு நான் மணி அடிக்கல.”

இன்ஸ்பெக்டர் உதவியாளனின் விலங்கைக் கழற்றி அவள் கையில் மாட்டினார். பேனா மூடியைத் துப்பினார்.

“கிளம்பும்மா. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன்... ஜெயில்ல மணிக்கொரு தடவை மணி அடிப்பாங்க.”