காரில் கட்டிய தூளி

"ஏங்க, அந்தத் தூளிய அவுத்தாத்தான் நான் ஏறுவேன்."

குருபரப்பள்ளி ரோட்டில் பஸ் பழுதாகி, தூறலில் நனைந்துகொண்டு நின்றாள் காவேரி. பாவமே என்று காரை நிறுத்தியவனுக்கு முகம் சுருங்கிப்போனது. தளி ஊர்க்காரன், பெயர் சென்னப்பன். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் படுத்திருந்த அக்காவிடம், அவளுடைய ஒன்றரை வயதுப் பாப்பாவைக் காட்டப் போகிறவன். காரின் மடக்குத் துணிக்கூரையின் முன்கம்பியில் சேலையைத் தூளியாகக் கட்டி, அதில் பாப்பாவைப் போட்டு, ஒரு கையால் ஆட்டிக்கொண்டே ஓட்டி வந்திருந்தான்.

"நான் போட்ட முடிச்சு. யானை இழுத்தாலும் அவுறாது."

"முடிச்சு அவுறாதுங்க. பிரேக் போட்டா காரு நிக்கும். தூளி நிக்குமா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போது அந்தக் கண்கள்... காவேரி சட்டென்று மழையைப் பார்த்தாள்.

பின்சீட்டில் சந்தைக்குப் போகும் முட்டைக்கோஸ் குவிந்திருந்தது. பாப்பாவை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, பெரிய கோஸ் ஒன்றைத் தூளியில் போடச் சொன்னாள்.

"இப்ப ஓட்டிப் போய் நிறுத்துங்க."

வீறாப்பாக ஓட்டினான். பிரேக்கை மிதித்தான். தூளி முன்னால் பறந்தது... கோஸ் கண்ணாடிச் சட்டத்தில் மோதி, இரண்டாகப் பிளந்து அவன் மடியில் விழுந்தது. பிளந்த கோஸை எடுத்துப் பார்த்தான். பிறகு தூளியை அவிழ்த்து, கோஸை ஒதுக்கி, அவளைப் பாப்பாவோடு பின்னால் உட்காரவைத்து, மாட்டுவண்டி வேகத்தில் கிருஷ்ணகிரி வந்து, அவள் அப்பாவின் கடை வாசலில் இறக்கிவிட்டான்.

அந்த வாரம் முழுக்க காவேரிக்கு ஊசியில் நூல் நுழையவில்லை. அப்பா தீர்த்தகிரி லாரிகளுக்கு சீட் தைக்கிறவர். கடையில் பாதி தையல் அவளுடையது. பெண் பார்க்க வந்த இரண்டு பேர், 'வாய் நீளம்' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் போனது அவளுக்கு வலிக்கவில்லை. இவன் வராமல் போனால்... வலிக்கும்.

வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தான். இடுப்பில் பாப்பா. கையில் பெங்களூரில் வாங்கிய குட்டி இரும்பு நாற்காலி. கார் முன்சீட்டின் முதுகில் அதன் இரண்டு கொக்கிகளை மாட்டிக் காட்டினான்.

"இப்ப என்ன சொல்றீங்க?"

முகமெல்லாம் பெருமை. 'நல்லாருக்குன்னு சொல்லிடு தாயே' என்று அப்பா கண்ணாலேயே கெஞ்சினார். அவளுக்கும் அப்படிச் சொல்லத்தான் ஆசை. ஆனால் பாப்பா அந்த நாற்காலியில், கண்ணாடிக்கு நேராக உட்கார்ந்து சிரித்தது.

"கொக்கி சீட்டப் பிடிச்சிருக்குதுங்க. பாப்பாவ எது பிடிச்சிருக்கு? இது வேடிக்கை பாக்கற நாற்காலி."

"நான் என்ன செஞ்சாலும் உங்களுக்குக் குத்தந்தானா?"

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏறினான். என்ஜின் உறுமியது.

"இதோட மூணு," என்று முனகினார் அப்பா. காவேரி ஊசியை எடுத்தாள். கண் மங்கியது. சொன்னதைத் திரும்ப வாங்க மட்டும் மனம் வரவில்லை.

என்ஜின் நின்றது.

"சரி... எங்க மாட்டணும், சொல்லுங்க," என்றான் வாசலில்.

"பின்சீட்டு நடுவுல. அடிச்சட்டத்தோட போல்ட் போட்டு முடுக்கணும். ரெண்டு தோளுக்கும் பட்டை, இடுப்புக்கு ஒண்ணு. வயித்து மேல ஏறக்கூடாது. பட்டைக்கடியில ரெண்டு வெரல் நுழைஞ்சா போதும். பக்கத்துலதான போறோம்னு கட்டாம ஓட்டக்கூடாது."

அவள் பட்டை தைத்தாள். அவன் சீட்டுக்கடியில் குனிந்து போல்ட்டை முடுக்கினான். முகம் தெரியாத தைரியம் போலும், அங்கிருந்தே பேசினான்.

"நீங்க நல்லாருக்குன்னு சொல்லியிருந்தா பூரிச்சுப்போய்க் கெளம்பியிருப்பேன். பாப்பாவும் அதுலயேதான் வந்திருக்கும்... எனக்கு உங்களப் பிடிச்சிருக்குங்க. கட்டிக்கணும்னு ஆசை. இதுல ஏதாச்சும் தப்பிருந்தா சொல்லிடுங்க."

கடைக்குள் அப்பாவின் தையல் மிஷின் நின்றது. காவேரி பாப்பாவின் தோள்பட்டையை இழுத்துச் சரிபார்த்தாள்.

"இருக்குதுங்க. போன வாரமே சொல்லியிருக்கணும்."