அளவு நாடாவின் மறுமுனை

அந்தக் கப்பலில் நான் ஏறியபோது காலை மணி பதினொன்று. பேய்க்கு உகந்த நேரமில்லைதான். அதற்கு நான் பொறுப்பல்ல. வெளிநாட்டுக் கப்பல்கள் கழிவெண்ணெயைக் கடலில் கொட்டாமல் பார்ப்பது என் உத்தியோகம்.

இயந்திர அறைக்குள் இறங்க இறங்க வெளிச்சம் குறைந்தது. பழைய எண்ணெய் நாற்றம் நாக்கில் ஒட்டியது. தலைமை எஞ்சினியர், நம்ம ஊர்த் தமிழர், என் பிடரியில் மூச்சுவிட்டபடியே வந்தார்.

"கழிவுத் தொட்டி காலின்னு பதிவேட்டுல இருக்கு சார். கையெழுத்துப் போட்டுட்டு மேல போங்க."

"அளந்துட்டுப் போறேன்."

"இந்தப் படியில வழுக்கிச் செத்தவங்க உண்டு."

"நான் ஒல்லி. விழுந்தாலும் சத்தம் வராது."

பதிவேட்டில் போன மாதம்வரை மூன்றாம் எஞ்சினியரின் கையெழுத்து. பிறகு இவருடையது.

"அவர் எங்க?"

"ஓடிட்டான். கடல்ல கொட்டக் கூடாதுன்னு ஒரே தகராறு..." சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

தொட்டிக்குள் இறங்கும் அளவுக்குழாய் இரண்டு விரல் அகலம். பித்தளைக் குண்டு கட்டிய இரும்பு நாடாவை அதில் விடுவோம். மூன்று முறை அளப்பது எங்கள் வழக்கம்.

முதல் முறை, காலித் தொட்டியில் ஒரு முழம் எண்ணெய்.

இரண்டாம் முறை, இரண்டு முழம்.

மூன்றாம் முறை, உள்ளேயிருந்து யாரோ நாடாவை இழுத்தார்கள்.

மெதுவாக. மூன்று தடவை.

"தொட்டியைத் திறக்கணும். அதுவரைக்கும் கப்பல் நகராது," என்றேன்.

"திறந்தா எனக்கு ஜெயில்," என்று கிசுகிசுத்தார். "நான் அவனைத் தள்ளல சார். அவன் உள்ள இறங்கினான். மூடியை மட்டும்தான் மூடினேன்."

நாடாவைப் பிடுங்கி, மணிக்கட்டில் சுற்றி, பலங்கொண்ட மட்டும் இழுத்தார்.

விளக்கு அணைந்தது.

எரிந்தபோது குழாயருகே அவருடைய பூட்ஸ் மட்டும் இருந்தது. கயிறு அவிழ்க்காமல்.

இரண்டு விரல் குழாயில் எண்பது கிலோ ஆள் எப்படிப் போனார் என்று விசாரணையில் கேட்டார்கள். நான் கணக்கில் மட்டம் என்றேன். தொட்டியைத் திறந்தால் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம்; ஒருவரும் இல்லை. என் நாடா மட்டும் அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. வேறு யாரும் அதைத் தொட மாட்டோம் என்றதால், ஓய்வுபெற்ற அன்று என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

நேற்று மாப்பிள்ளை எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் ஆழம் பார்க்க அதை எடுத்துப் போயிருக்கிறார்.

"மாமா," என்று மெல்லக் கூப்பிட்டார். "தொட்டிக்குள்ள ஆள் இறக்கியிருக்கீங்களா?"

"இல்லையே."

"மூணு தடவை மெதுவா இழுத்தாங்க. அப்புறம் வேற யாரோ, மூணு தடவை, அவசரமா."

நாடாவை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நின்றார்.