சூசையப்பரின் பார்வை

படத்தின் மூலையில் சுருண்டு கிடந்த நாய் கண்ணைத் திறந்திருந்தது.

ராஜநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். திறந்துதான் இருந்தது. பெயர் தெரியாத ஸ்பானிய ஓவியர் ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில், பரோக் காலத்தில் வரைந்த திருக்குடும்பம் அது: மாதாவின் மடியில் குழந்தை, தச்சு மேசையில் சாய்ந்தபடி அவள் கணவர் சூசையப்பர், காலடியில் உறங்கும் நாய். கல்லூரியில் அவர் ஓவிய வரலாறு நடத்திய நாளிலிருந்தே அதன் பிரதி ராஜா அண்ணாமலைபுரம் வீட்டு ஹாலில் தொங்குகிறது. ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் பங்கு மண்டபத்தில் அதைப் பற்றிப் பேச ஒத்துக்கொண்டிருந்தார். மனைவி செலின் இறந்துபோன பிறகு அவருக்கு அந்த வீட்டில் இருக்கிற முகங்கள் இவைதான். இவையும் அவரைப் பார்ப்பதில்லை, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

சாயங்கால மழையில் பால்கனித் தகரம் சளசளத்துக்கொண்டிருந்தது. காயாத துணியின் முடை நாற்றமும் கீழ்வீட்டில் மீன் பொரிக்கும் வாடையும் கலந்து ஹாலில் தேங்கியிருக்க, அதற்கும் அடியில், பூட்டி வைத்த அறையைத் திறந்ததுபோல ஏதோ ஒன்று மெல்ல மூக்கில் ஏறியது.

டொராண்டோவில் இருக்கும் மகளைக் கூப்பிட்டார்.

"கரோல், ஹால் படத்தை போட்டோ எடுத்து அனுப்பினேனே, அதுல நாய் என்ன பண்ணுது?"

"தூங்குதுப்பா. ஏன்?"

"சூசையப்பர்?"

"குழந்தையைப் பார்க்கிறார். அதைத்தானே பேசப் போறீங்க? அப்பா, சாப்பிட்டீங்களா? தனியா உட்கார்ந்து அதையே பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. ஆபீஸ் போயிட்டுக் கூப்பிடறேன்."

போன் அடங்கியது. மழைச் சத்தமும் கூடவே அடங்கினாற்போல் இருந்தது.

நிமிர்ந்தார். படத்தில் சூசையப்பரும் நிமிர்ந்திருந்தார்.

பரோக் படத்தில் பார்வைகளைப் பிடித்துக்கொண்டே போங்கள், கதை எங்கே நடக்கிறதென்று அவை காட்டும் என்று மாணவர்களிடம் ஓயாமல் சொன்னவர் அவர். இப்போது சூசையப்பரின் பார்வையைப் பிடித்துக்கொண்டு போனார். அது ராஜநாயகத்தின் முகத்தில் நிற்கவில்லை. இடது தோளுக்கு மேலாகக் கடந்து போனது. அவருக்குப் பின்னால். நடைவழியைப் பார்த்து.

சூசையப்பரின் கை உளியை இறுக்கியிருந்தது.

திரும்பிவிடலாம். ஒரு நொடிதான். கழுத்து அசையவில்லை.

பின்னால் தரையில் ஈரக்கால் வைக்கும் சத்தம். நின்றது. மறுபடி. இன்னும் கிட்டத்தில்.

"யாரு?"

உதடுதான் அசைந்தது.

காது மடலில் குளிர்ந்த மூச்சு பட்டது.

மாதாவையாவது பார்ப்போம் என்று கண்ணை நகர்த்தினார். அவளும் அவர் தோளுக்குப் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்து. அவள் கை மெதுவாக, மிக மெதுவாக எழுந்து, குழந்தையின் கண்களைப் பொத்தியது.