நிலவறையில் மஞ்சள் நூல்

தொலைபேசி அடித்தது.

பாரிஸின் லா சப்பலில் மழை கொட்டிக்கொண்டிருந்த மத்தியானம். ரூ லூயி-பிளாங்கிலிருந்து பிரியும் சின்னத் தெருவில் ஒரு பலசரக்குக் கடை. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் முதலாளி இராஜதுரையின் கைபேசி விடாமல் அடித்தது...

எடுக்க வேண்டியவர் எடுக்கவில்லை.

கடையில் அவருக்கு உதவியாக நிற்கும் மச்சான் பிருந்தாபன்தான் ஓடிவந்து எடுத்தான். மறுமுனையில் அவனுடைய அக்கா, இராஜதுரையின் மனைவி, சாரதாதேவி. புறநகரான எபினே-சூர்-செய்ன் வீட்டிலிருந்து பேசினாள்.

"அத்தான் எங்கையடா?"

"காவுக்குள்ளை இறங்கினவர் அக்கா. இன்னும் மேலை வரேல்லை."

"போய்ப் பார். தண்ணி நிண்டா மட்டும் கால் வைச்சிடாதை."

காவ் என்பது கடைக்கு அடியில் இருக்கும் நிலவறை. வெயில் நாளில் அது களஞ்சியம். மழை நாளில் கிணறு.

பிருந்தாபன் பாதிப் படி இறங்கினான். நின்றான்.

முழங்காலளவு தண்ணீர். அதில் குப்புற விழுந்து கிடந்தார் இராஜதுரை!

அவருக்குப் பக்கத்தில் ஒரு வெறும் மீன் பெட்டி, யாருக்கோ காத்திருப்பது போல் மெல்ல மிதந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய்த் தூக்கத்தான் அவன் கால் துடித்தது. அக்காவின் சொல் தடுத்தது. தடுத்ததால்தான் அவன் இன்று உயிரோடிருக்கிறான்.

அந்தத் தண்ணீர் முழுக்க மின்சாரம்.

பொலிஸ் லெப்டினன்ட் கஜந்தினி பாரிஸில் பிறந்தவள். வீட்டில் பிரெஞ்சு பேசினால் சோறு கிடையாது என்று சட்டம் போட்ட அம்மாவிடம் வளர்ந்தவள். அதனால் பத்தாம் வட்டாரத்தில் எந்தத் தமிழர் தும்மினாலும் மேலதிகாரி கொமிஸேர் அவளைத்தான் அனுப்புவார். அவருக்கு அவள் ஒரு பொலிஸ்காரி அல்ல... சம்பளம் வாங்கும் அகராதி!

இந்த முறை அகராதிக்கு அதிகம் வேலையில்லை என்றார் கொமிஸேர். வழக்கு முடிந்துவிட்டதாம். குற்றவாளி கையிலிருக்கிறானாம்.

அவர் சொன்ன கதை இதுதான். காவில் ஒரு பழைய மின்சாரப் பம்பு. பெருமழை வந்தால் அது மூச்சை நிறுத்தும். கூடவே, மின்சாரம் கசிந்தால் தானாக அணையும் பாதுகாப்பு ஆளியும் விழும். கடை முழுக்க இருண்டு, குளிர்ப்பெட்டியில் மீன் நாறும். இராஜதுரைக்கு மீன் முக்கியம். ஆளி விழாதபடி ஒரு வயரைப் போட்டு அதை முடக்கிவிட்டார். மீனுக்குப் பாதுகாப்பு வந்தது, மனிதனுக்குப் போனது.

தண்ணீர் சுவரிலுள்ள பிளக்கைத் தொட்டால் காவுக்குள் கால் வைப்பவர் காலி. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் சென்ற வாரம் இரண்டாவதாக ஒரு பம்பு பூட்டினார்கள். இராஜதுரையும் அதை நம்பித்தான் இன்று இருட்டில் இறங்கியிருக்கிறார்.

அந்தப் பம்பு வேலை செய்யவில்லை. பூட்டியவர் அல்பிரட், மன்னார்க்காரர். இப்போது கைவிலங்கோடு உள்ளே இருக்கிறார். மாலையில் நீதிபதி முன்னால் நிறுத்தப் போகிறார்கள்.

கஜந்தினி உள்ளே போனாள். அல்பிரட் மேசையைப் பார்த்தபடி பேசினார்.

"கரண்டே தேவையில்லாத பம்பு, தங்கச்சி. குழாய்த் தண்ணி வாற வேகத்திலையே குழித் தண்ணியை இழுத்து வெளியிலை தள்ளும். குழிக்குள்ளை ஒரு பந்து மிதக்கும். தண்ணி ஏற அது மேலை எழும்பும், குழாய் தானாத் திறக்கும். வேறை ஒண்டுமில்லை."

"சோதிச்சுப் பாத்தனீங்களோ அண்ணை?"

"வாளி வாளியா ஊத்திப் பாத்தனான். இழுத்தது. முதலாளியும் அவற்றை மனுசியும் பக்கத்திலை நிண்டவை. பந்து எழும்பாட்டி என்ன நடக்கும் எண்டு அந்த அக்கா திருப்பித் திருப்பிக் கேட்டவ."

அப்போதுதான் அவர் தலை நிமிர்ந்தார்.

"என்ரை விசா கார்ட் புதுக்கக் குடுத்திருக்கிறன். மனுசி பிள்ளையளுக்கு ஸ்பொன்சர் போட்டிருக்கிறன். இந்த வழக்கோடை ரெண்டும் போச்சு."

கஜந்தினி கடைக்குக் கிளம்பினாள்.

தீயணைப்புப் படை மின்சாரத்தைத் துண்டித்து, தண்ணீரை இறைத்து முடித்திருந்தது. காவுக்குள் ஈர அரிசி மணம். மூலையில் குழி. குழிக்குள் அந்தப் பந்து.

பந்தில் மஞ்சள் நூல்!

ஒரு எலுமிச்சங்காய், வாடிய மல்லிகைச் சரம், பம்பின் நெற்றியில் சந்தனப் பொட்டு. புது இயந்திரத்துக்குப் பூசை போட்டிருக்கிறார்கள். பிரெஞ்சு நிபுணர் அதைக் குப்பை என்று எழுதி, குப்பை விழாமல் மூடி போடாதது பூட்டியவரின் தவறு என்று முடித்திருந்தார்.

கஜந்தினி குனிந்து பார்த்தாள். பூ தொங்க ஒரு சுற்றுப் போதும். இந்த நூல் பந்தையும் அடிக் குழாயையும் சேர்த்து, கட்டைக்கு மாட்டைக் கட்டுவது போல் இறுகக் கட்டப்பட்டிருந்தது. தண்ணீர் ஏறியது. பந்து ஏறவில்லை.

யார் கட்டியது?

யோசித்தபடி கடை வாசலுக்கு வந்தவள் கண்ணாடிக் கதவின் முன் நின்றாள். அங்கே ஒரு கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தது. இராஜதுரையின் அண்ணன். இரண்டு வாரத்துக்கு முன் சாவகச்சேரியில் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இன்னும் நடக்கவில்லை.

துடக்கு!

அண்ணன் செத்தால் தம்பிக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. தம்பி மனைவிக்கும் துடக்கு. முப்பத்தொரு நாளைக்கு விளக்குக்கூடக் கொளுத்தமாட்டார்கள். பம்புக்குப் பூசையா போடுவார்கள்? அல்பிரட்டோ வேதக்காரர். மாதா படம் ஒட்டுவாரே தவிர எலுமிச்சங்காய் கட்டமாட்டார்.

அந்தக் கடையில் துடக்கில்லாத இந்து ஒரே ஒருவன்தான். மனைவியின் தம்பி!

கொமிஸேருக்கு எந்த அகராதியிலும் கிடைக்காத துப்பு இது. பிருந்தாபன் அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கஜந்தினி அவன் முன்னால் போய் நின்றாள்.

"பம்பிலை நூல் கட்டினது நீங்கள்தானே?"

"ஓம்."

இவ்வளவு சுலபமாகவா? அவள் கை விலங்கைத் தேடியது.

"அக்காதான் சொன்னவ," என்றான் அவன். "தங்களுக்குத் துடக்கு, நீதான் செய்யவேணும் எண்டு. பந்தையும் பைப்பையும் சேர்த்து இறுக்கிக் கட்டு, இல்லாட்டி பூ தண்ணியோடை போயிடும் எண்டு."

கை பாதியில் நின்றது.

"இண்டைக்கு... தண்ணியிலை கால் வைக்காதை எண்டதும் அவதானோ?"

"ஓம். அவதான்..."

சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் மாறியது. தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தான். கஜந்தினிக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எங்கேயும் போகாமல் இருக்கச் சொல்லிவிட்டு, கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்து எபினே ரயிலைப் பிடித்தாள்.

வீடு நிறையச் சனம். இராஜதுரையின் அண்ணனுக்குத் துக்கம் விசாரிக்கக் காலையிலேயே வந்தவர்கள், புருஷனுக்கும் சேர்த்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சாரதாதேவி விடியற்காலையிலிருந்து வாசற்படி தாண்டவில்லை என்று ஒவ்வொருவரும் கேட்காமலே சொன்னார்கள்.

குசினிக் கதவைச் சாத்தியதும் கஜந்தினி நேராகக் கேட்டாள்.

"நூலை ஏன் அன்ரி இறுக்கிக் கட்டச் சொன்னனீங்கள்?"

சாரதாதேவி சட்டைக் கையை முழங்கைக்கு மேல் இழுத்துவிட்டாள். இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்த தழும்பு. அதன் மேல் இன்னொன்று. அதற்கும் மேல், இன்னும் ஆறாத ஒன்று.

"இருபது வருஷமா இந்தக் கதவை ஒரு பொலிசும் தட்டேல்லை, பிள்ளை. இண்டைக்குத்தான் வந்திருக்கிறியள்."

கஜந்தினிக்கு வெட்கமாக இருந்தது. துப்பைக் கண்டுபிடித்த பெருமை அந்தத் தழும்பைப் பார்த்த கணமே செத்துப்போயிற்று. ஆனாலும் அல்பிரட் உள்ளே இருக்கிறார். மாலைக்கு அதிக நேரமில்லை.

"அந்தப் பம்புக்காரருக்கும் மனுசி பிள்ளையள் இருக்கினம்."

"தெரியாமல் நடந்தது எண்டு எல்லாரையும் விட்டிடுவினம் எண்டு நினைச்சன்," என்றாள் சாரதாதேவி. "நான் இஞ்சைதான் இருந்தனான். ஆரையும் கேட்டுப் பாருங்கோ."

அப்போது கஜந்தினியின் கைபேசி அடித்தது. கொமிஸேர். குரலில் கொண்டாட்டம்!

பிருந்தாபன் தானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்துவிட்டானாம். நூலைக் கட்டியது நான், தெரிந்தேதான் கட்டினேன், அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று கையெழுத்தும் போட்டுவிட்டானாம். அல்பிரட்டை அவிழ்த்துவிட்டார்களாம்.

கஜந்தினி அதைத் தமிழில் சொன்னாள்.

சாரதாதேவி அடுப்படியில் அப்படியே உட்கார்ந்தாள். புருஷன் செத்த செய்திக்கு நனையாத கண்கள் இப்போது கொட்டின.

"அவன் பச்சைப் பிள்ளை. அவனுக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் சொன்னனான்... நான்தான் சாகடிச்சனான். என்னைக் கூட்டிக்கொண்டு போ பிள்ளை."

கூட்டிக்கொண்டு போனாள்.

கொமிஸேர் பொறுமையாகத்தான் கேட்டார். தம்பி மேல் அக்காவுக்கு எவ்வளவு பாசம் என்று வியந்தார். ஆனால் அவள் எபினேயில் இருந்ததற்கு வீடு நிறையச் சாட்சிகள். நூலில் பட்டது தம்பியின் கை. அக்கா சொல்லித்தான் செய்தாயா என்று கேட்டால் தம்பி இல்லை என்கிறான். கடையில் கஜந்தினியிடம் சொன்னதையும் சொல்லவேயில்லை என்கிறான்.

அவள் எவ்வளவு கவனமாகக் கட்டிய வேலி! இப்போது உள்ளே வர அவளாலேயே முடியவில்லை.

கஜந்தினி கடைசி முயற்சியாகத் துடக்கை விளக்கினாள். கடல்களுக்கு அப்பால் ஒருவர் இறந்தால் இங்கே விளக்குக் கொளுத்தக் கூடாது. தம்பிக்கு உண்டு, தம்பி மனைவிக்கு உண்டு, அந்த மனைவியின் தம்பிக்கு இல்லை. அதனால்தான் அக்கா அவனைச் செய்யச் சொன்னாள்...

கொமிஸேர் முழுவதையும் கேட்டார்.

"இதற்கு ஏதாவது சான்றிதழ் உண்டா?"

அதோடு அது முடிந்தது. கண்ணாடிக்கு அப்பால் பிருந்தாபனை உள்ளே கொண்டுபோனார்கள். அக்கா கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. திரும்பினால் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று அவனுக்குத் தெரியும்.

வாசலில் அல்பிரட் இடுப்புவாரை மாட்டிக்கொண்டிருந்தார். கஜந்தினியைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்து, மாதாவே அவளை அனுப்பினார் என்றார். அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். ஒரு குற்றமற்றவரை வெளியே விட்டு இன்னொரு குற்றமற்றவனை உள்ளே அடைத்த கை அது.

திரும்பி வந்தபோது கொமிஸேர் சான்றுப் பையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். உள்ளே மஞ்சள் நூல், எலுமிச்சங்காய்.

"எல்லாம் புரிந்தது, லெப்டினன்ட். ஒன்று மட்டும் புரியவில்லை. இதை எதற்காகத்தான் கட்டுகிறீர்கள்?"

கஜந்தினி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"ஆபத்து வராமலிருக்க, கொமிஸேர்."